ஆற்றுவாசலை அடைத்த கதை

சேசு மரி சூசை துணை

துரைப் பண்ணை,
முக்கொம்பு ரோடு, திருச்சி.
15.3.1981, ஞாயிறு

அன்பு மகள் லூர்துராணிக்கு,

அப்பா பாக்கியநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை, வலது முழங்கால் மட்டும் மழை வருமா வராதா என்பதை ரேடியோவுக்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். கொலோனில் பனி விட்டதா, ஆஸ்பத்திரியில் டூட்டி குறைந்ததா, ரொட்டியைத் தின்றே காலம் தள்ளாமல் ஒருவேளையாவது சோறு வடிக்கிறாயா என்பதையெல்லாம் எழுதவும். உன் கடிதம் மூன்றாம் தேதியே கிடைத்துவிட்டது. மே மாதம் நாலு வாரம் லீவு, ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறேன் என்று நீ எழுதிய வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. மாரியாயிகூட என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பா வருதாங்கய்யா?" என்று கேட்டுவிட்டாள். ஆனால் அதற்குக் கீழே நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். உடன் வேலை செய்கிற பெண்களிடம் நம் வீட்டைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள், அதன் வரலாற்றை முழுசாக எழுதி அனுப்புங்கள் என்பது ஒன்று. வந்ததும் முதல் நாள் உன் வடக்கு அறையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டு தூங்க வேண்டும் என்பது இன்னொன்று. அதைப் படித்த பிறகு பன்னிரண்டு நாள் எனக்குப் பேனா பிடிக்கக் கை வரவில்லை. கேட்டபடி வரலாற்றை எழுதுகிறேன். அதன் கடைசியில் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் படித்துவிட்டு நீ வரவில்லை என்று எழுதிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். ஆகையால் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதே, சின்ன வயசில் கதைப் புஸ்தகத்துக்குச் செய்வாயே, அது வேண்டாம்.

முதலில் ஊர் விஷயம். வாழை இந்த வருஷம் நன்றாகத் தார் விட்டிருக்கிறது, மாசிக் காற்றில் ஒரு பத்து மரம் சாய்ந்ததோடு சரி. நம் பண்ணைக்கு எதிரே இப்போது பஸ் நிற்கிறது, கண்டக்டர் "துரைப் பண்ணை, துரைப் பண்ணை" என்று கத்தும்போது யாரோ இறங்குகிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்ப்பேன், எல்லாரும் எதிர்ப் பக்கத்து ஊருக்குத்தான் போவார்கள். மன்னார்புரத்துச் சித்தி மாதம் ஒருமுறை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள், உன் அம்மா செய்ய வேண்டியதைத் தங்கச்சி செய்கிறாள். மூக்கனும் மாரியாயியும் பண்ணை வேலை, வீட்டு வேலை முடித்துப் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏழேகால் செய்தி முடிந்து ரேடியோவை நிறுத்திவிட்டால் அப்புறம் என்னோடு பேச ஆள் கிடையாது. ஜெபமாலையை மட்டும் உரக்கச் சொல்கிறேன், என் குரலாவது காதில் விழட்டும் என்று. பதிலுக்கு "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று சொல்ல எதிரில் ஒருத்தர் இல்லாமல் ஜெபமாலை சொல்வது எவ்வளவு சிரமம் என்று உன் அம்மா போன பிறகுதான் தெரிந்தது, நீயும் போன பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

இனி வீட்டுக் கதை. நம் வீட்டைக் கட்டினவன் வாய்க்கால் வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர். விக்டோரியா மகாராணி காலம். வாசல் மேல்கல்லில் 1886 என்று வெட்டியிருப்பதை நீ விரலால் தடவி எண் எழுதப் பழகினாய், ஞாபகம் இருக்கும். உத்தியோகம் போக இங்கே பன்னிரண்டு ஏக்கரை வாங்கிப் பண்ணை வைத்தான், ஊருக்கு ஆப்பிள் தின்னக் காட்டுகிறேன் என்று கப்பலில் கன்று வரவழைத்து நட்டான், திருச்சி வெயில் மூன்றே மாதத்தில் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டது. பிறகு நம் ஆட்கள் சொன்னதைக் கேட்டு வாழை வைத்தான். அவன் முதலில் கட்டின வீடு இது இல்லை. முதல் வீட்டைச் செங்கல்லும் மண்ணுமாகக் கரையோரம் கட்டி, வெள்ளம் வந்தபோது நாலு பக்கமும் இறுக்கி அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தானாம், காவேரி வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டது, அவன் ஒரு நாவல் மரத்தைக் கட்டிப் பிடித்துப் பிழைத்தான். அதற்குப் பிறகு புத்தி வந்து இரண்டாவது வீட்டை வேறு மாதிரி கட்டினான். வடக்கே ஆற்றைப் பார்த்து ஒரு பெரிய கதவு, தெற்கே ரோட்டுப் பக்கம் அதே அகலத்தில் இன்னொரு கதவு, இரண்டும் நேருக்கு நேர், நடுவில் கூடம், கூடத்துத் தரை வடக்கிலிருந்து தெற்கே லேசாகச் சரிவு. கோலிக்குண்டைப் போட்டால் தானே உருண்டு ரோட்டுவாசலுக்கு வந்துவிடும் என்று நீ விளையாடுவாயே, அது கொத்தனார் தப்பு இல்லை, துரை சொல்லிச் செய்த வேலை. வெள்ளம் வந்தால் இரண்டு கதவையும் திறந்துவிட வேண்டும், தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போய்விடும், மனுஷர்கள் மாடியில் இருந்துகொள்ளலாம், சுவருக்குச் சேதமில்லை. அதுதான் இந்த வீட்டின் சூட்சுமம்.

அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்துக் கொடுத்தவர்தான் என் தாத்தா அற்புதசாமி. துரை சீமைக்குத் திரும்பியபோது வீட்டை வாங்க ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற வீடு விளங்குமா என்றார்களாம். தாத்தா மட்டும், தான் அரைத்த சுண்ணாம்பு தனக்குத் தெரியும் என்று வாங்கினார். வாங்கினதும் சமையல்கட்டையும் நெல் அறையையும் தெற்கே ஓரமாகச் சேர்த்துக் கட்டினார். இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் எனக்கு ஒன்பது வயசு. தாத்தா இரண்டு கதவையும் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் வடக்கயிற்றால் வளையத்தில் கட்டிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். நாலு நாள் எங்கள் காலுக்குக் கீழே காவேரி நடந்து போனது. பூசணிக்காய் ஒன்று மிதந்து வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ரோட்டுவாசல் வழியாகப் போனதைப் பார்த்து நான் சிரித்தேன். தாத்தா அப்போது சொன்னார், "வர்றவங்கள வாங்கன்னு சொல்லணும், போறப்ப போயிட்டு வாங்கன்னு சொல்லணும்டா. கதவ அடைச்சா கோவிச்சுக்கிட்டுச் செவுத்தத் தள்ளுவாங்க." தண்ணீர் வடிந்த பிறகு மூன்று நாள் சேற்றை வாரிக் கொட்டினோம், சுவரில் ஒரு கீறல் கிடையாது. அறுபத்தொன்றில் நான் அதையே செய்தேன், அப்போது உனக்கு ஒன்பது வயசு. நீயும் அம்மாவும் படியில் உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் உனக்கும் அதே வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தேன். இவ்வளவும் அந்த ஜெர்மன் பெண்களுக்கு நீ சொல்லலாம். இனி எழுதப்போவதை அவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

எழுபத்தாறு ஜூனில் நீ கிளம்பிய அன்றைக்கு ரோட்டில் டாக்ஸி வந்து நின்றது. சித்தி பெட்டியை ஏற்றினாள். நான் வாழைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தண்ணீர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, முதல் நாள்தான் மாற்றியிருந்தேன். நீ பட்டுப் புடவையோடு வரப்பு வரைக்கும் வந்து, "போயிட்டு வரேன்ப்பா" என்று மூன்று தரம் சொன்னாய். மூன்று தரமும் எனக்குக் கேட்டது. அம்மா செத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, இருக்கிற ஒரே பிள்ளையும் தேசாந்தரம் போகிறதே என்று எனக்குக் கோபம், நான் திரும்பவே இல்லை. டாக்ஸி போன பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன், அது உனக்குத் தெரியாது. புழுதிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அறையைப் பார்த்தேன். போர்வையை மடித்துக் கட்டில் தலைமாட்டில் வைத்திருந்தாய், நர்ஸிங் நோட்டுகள் ஜன்னலோரம் அடுக்கியிருந்தன, சீப்பில் உன் தலைமுடி இரண்டு இழை இருந்தது. அதை எடுக்காதே என்று மாரியாயியிடம் சொல்லி அறையைப் பூட்டினேன். சனிக்கிழமைதோறும் நானே திறந்து பெருக்கிவிட்டு, ஒன்றையும் நகர்த்தாமல் திரும்பப் பூட்டுவேன்.

அடுத்த வருஷம் நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்து பத்து நாளில், வெள்ளம் வந்தது. இரண்டு நாள் புயல் மழை, காலை பத்து மணி சுமாருக்குக் கரை மேல் தண்ணீர் ஏறிவிட்டது. மூக்கனும் மாரியாயியும் நம் மாடிக்கு வந்துவிட்டார்கள். மூக்கன் வழக்கம்போல வடக்கயிற்றை எடுத்துக்கொண்டு ஆற்றுவாசலைத் திறக்கப் போனான். ஆற்றுவாசலைத் திறந்தால் தண்ணீர் முதலில் நுழைவது உன் அறைக்குத்தான். நான் குறுக்கே போய் நின்றேன். அவன், "பாப்பா சாமானெல்லாம் ஒரு நிமிசத்துல மாடிக்குத் தூக்கிறேங்கய்யா" என்றான். தூக்கியிருக்கலாம், ராணி. கட்டில், ஒரு பெட்டி, நாலு நோட்டு, அவ்வளவுதானே. ஆனால் தூக்கினால் நீ வைத்துவிட்டுப் போனபடி இருக்காதே. அதுதான் என் புத்தியில் அப்போது இருந்தது, வேறொன்றும் இல்லை. இரண்டு கதவுக்கும் தாழ் போட்டு, தவிட்டு மூட்டையை அண்டக் கொடுத்து, "இது என் வீடு, நீ போடா மேல" என்று அவனை அதட்டினேன். அவன் அப்படியே நின்று, "தாத்தா சொன்னதுங்கய்யா" என்றான். என் தாத்தா சொன்னதை எனக்கு அவன் எடுத்துச் சொல்லும்படி ஆயிற்று.

ஒரு மணி நேரம் கதவு தாங்கியது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை, நான் ஜெயித்துவிட்டதாகப் படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு வடக்குச் சுவர் மொத்தமாக உள்ளே வந்தது. பீரங்கி போட்டது போல ஒரே சத்தம். உன் அறை, கூடம், அதன் மேலிருந்த மாடி எல்லாம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டன. உன் கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாழைத்தோப்புப் பக்கம் போனது, போர்வை மடித்தபடியே அதன் மேல் இருந்தது. மூக்கன்தான் என் வேட்டியைப் பிடித்து இழுத்துச் சமையல்கட்டு மொட்டைமாடியில் ஏற்றினான். பின்னால் வந்த மாரியாயி மேல் உத்தரம் விழுந்து இடது கை முறிந்தது. மறுநாள் தண்ணீர் வடிகிற வரைக்கும் அவள் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தக் கை நீளாது, வலது கையால்தான் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைக்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆகவே ராணி, நம் வீடு இப்போது இல்லை. தாத்தா கட்டின சமையல்கட்டும் நெல் அறையும் நிற்கின்றன, நெல் அறையில்தான் மூன்று வருஷத்துக்கு மேலாக நான் படுத்துக்கொள்கிறேன். மாடிப்படி ஒன்பது படி வரைக்கும் இருக்கிறது, அதற்கு மேல் வானம். ஆற்றுவாசலின் கருங்கல் நிலையும் கதவும் மட்டும் விழவில்லை, இரண்டு பக்கமும் சுவர் இல்லாமல், போட்ட தாழோடு அப்படியே நிற்கிறது. மூக்கன் வீட்டு ஆடுகள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. "தண்ணீர் வந்தது, போனது, வீட்டுக்கு ஒன்றுமில்லை" என்று அப்போது உனக்கு எழுதியது பொய். ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தேன் என்று எழுதியது பொய். போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பூப்போட்ட திரைச்சீலை உன் ஜன்னலுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது என்று எழுதினேனே, அதைத் தொங்கவிட ஜன்னல் இல்லாமல் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன். சித்தியிடமும் உனக்கு எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டேன். அவள், "அத்தான், அந்தப் புள்ள வந்து நின்னா எதைக் காட்டுவீங்க, ஆகாசத்தையா?" என்று வரும்போதெல்லாம் கேட்டாள். வீடு இருக்கிறது என்றால் என்றைக்காவது வீட்டைப் பார்க்க வருவாய் என்று நினைத்தேன். என்னைப் பார்க்க மட்டும் வருவாய் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை, வரப்பில் உன்னை நான் நிற்கவைத்த லட்சணம் அப்படி.

இந்த வாரம் பங்குச் சாமியாரிடம் தவக்காலத்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மகளிடம் மூன்று வருஷமாகப் பொய் சொல்கிறேன் சாமி என்று சொன்னேன். ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை அபராதம் கொடுப்பார், சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர், "ஜெபம் நீங்க எப்படியும் சொல்லுவீங்க. பொண்ணுக்கு உண்மைய எழுதுங்க, அதான் அபராதம். ஈஸ்டருக்குள்ள தபால்ல சேர்த்துருங்க" என்றார். வயசில் என்னைவிட இருபது வருஷம் சின்னவர், ஆனால் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

பூசை பார்த்துவிட்டு வந்து இன்று காலை மூக்கனைக் கூப்பிட்டேன். வேப்பெண்ணெய் எடுத்துவா, ஆற்றுவாசலைத் திறப்போம் என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணெயும் சுத்தியலும் எடுத்து வந்தான். தாழ் துருப்பிடித்து ஒட்டியிருந்தது, எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, இரண்டு பேரும் மாறி மாறித் தள்ளி ஒரு மணி நேரம் ஆயிற்று. மாரியாயி வந்து தன் நல்ல கையால் ஒரு பலகையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் அவளிடம், என்னால்தானே மாரியாயி உன் கை இப்படி ஆயிற்று என்று கேட்டேன். அவள், "இப்பவாச்சும் கேட்டீங்களே" என்றாள். கதவு திறந்ததும் இரண்டு பலகையையும் தாத்தா கட்டினது போலவே வடக்கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டேன். சுவரே இல்லாத இடத்தில் கதவைத் திறந்து கட்டுகிற கிழவனைப் பார்த்து பஸ்ஸில் போகிறவர்கள் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், ஆறு தெரிகிறது.

நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் நெல் அறையை வெள்ளையடித்து உனக்குத் தருகிறேன், நான் சமையல்கட்டில் படுத்துக்கொள்வேன். அங்கே ஒரு சின்ன ஜன்னல் உண்டு, திரைச்சீலையை நாலாக மடித்தால் அதற்குச் சரியாக இருக்கும். அது வசதிப்படாது என்றால் மன்னார்புரத்தில் தங்கு, நான் பஸ்ஸில் வந்து பார்த்துக்கொள்கிறேன். பழனியப்பன் கடை மிட்டாய் என்று சின்ன வயசில் அழுவாயே, அந்தக் கடை இன்னும் இருக்கிறது. மாரியாயி கைக்கு ஏதாவது தைலம் உங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னால் கொண்டுவா, எனக்கு ஒன்றும் வேண்டாம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி ஜெபத்தை விட்டுவிடாதே. பூண்டி மாதா உன்னைக் காப்பாளாக, உன் அம்மா மோட்சத்திலிருந்து உனக்காக மன்றாடுவாளாக, உன் கையால் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எல்லாரும் சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்.

மறக்காமல் ரயில் வருகிற தேதியை முன்கூட்டியே தந்தியில் சொல். திருச்சி ஜங்ஷனுக்கு நானே வருவேன். நாலு வாரம் கழித்து நீ திரும்புகிற அன்றைக்கும் வருவேன், தண்ணீர் மாற்ற மூக்கன் இருக்கிறான். ரயில் நகருகிற வரைக்கும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஐந்து வருஷமாகத் தொண்டையில் இருக்கிறது, நீ ஒரு தரம் சொன்னால் போதும், நான் மூன்று தரம் சொல்லுகிறேன், போயிட்டு வாம்மா என்று.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
அ. பாக்கியநாதன்